ஞாயிற்றுக்கிழமைப் பல் டாக்டர்

பல் டாக்டர் இன்றைக்கு மாட்டிக்கொள்வான் என்று டிவிக்காரன் ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சோபாவின் இடது ஓரத்தில் தனக்கென்று குழிந்துபோன இடத்தில் ஆவுடையப்பன் உட்கார்ந்தபோது, தின்ற கறிச்சோறு நெஞ்சுக்குக் கீழே இறங்க மாட்டேனென்று வழியிலேயே குந்திக்கொண்டது. வலது ஓரத்தில் மைத்துனன் மகாராஜன், நில மோசடிப் பிரிவு இன்ஸ்பெக்டர், பெல்டை இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டு, பல்லிடுக்கில் மாட்டியிருந்த நல்லி எலும்புத் துணுக்கை நாக்காலேயே விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்தால் சோபா அவன் பக்கம் சரியும். சரிந்த சோபாவில் இடது ஓரத்துக்காரர் அங்குலம் அங்குலமாக வழுக்கி, தொடர் முடிகிற நேரத்துக்கு மைத்துனன் தொடையோடு தொடையாக ஒட்டிக்கொண்டிருப்பார். வாராவாரம் இதே கதைதான். ஆளைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைக்கிற சோபா. கடையில் வாங்கும்போது தேக்கு என்றான், பஞ்சு என்றான், இந்தக் குணத்தைச் சொல்லவில்லை. தொடர் வடக்கத்தியான் எடுத்தது, தமிழ் பேசவிட்டிருந்தார்கள், வாய் மூடி இரண்டு விநாடி கழித்து வார்த்தை வந்து சேரும். பகலில் ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற டாக்டர் ராத்திரியில் கிளினிக்குக்கு அடியில் நிலவறையில் கள்ளநோட்டு அடிக்கிறான். அவன் பெண்டாட்டியின் தம்பி கள்ளநோட்டுப் பிடிக்கிற அதிகாரி, மீசை இரண்டு பக்கமும் குருவி உட்காரலாம் போலிருக்கும். மீசைக்காரன் ஒவ்வொரு வாரமும் அக்கா வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கள்ளனைத் தேடி ஊரெல்லாம் ஜீப்பில் சுற்றுகிறான், கள்ளன் அவனுக்குக் குழம்பு ஊற்றுகிறான். ஆவுடையப்பன் பெண்டாட்டி உலகம்மாளுக்கு இந்தத் தொடர் என்றால் உயிர். அவள் தம்பிக்கு இதைவிட உயிர், ஏனென்றால் மீசைக்காரனை ஏசுகிற சந்தோஷம் அவனுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. “பாத்தேளா அத்தான், கள்ளன வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு ஊரு பூரா தேடுதான். இவன்லாம் ஒரு போலீசு.” ஆவுடையப்பன் ‘அதான’ என்றார். பதினோரு வாரமாக அவர் சொல்கிற ஒரே வசனம் அதுதான். முதல் வாரம் கக்கூசுக்குப் போய்ப் பார்த்தார், இரண்டாம் வாரம் தூக்கம் வந்த மாதிரி கண்ணை மூடிப் பார்த்தார், மூன்றாம் வாரம் தலைவலி. நாலாவது வாரம் உலகம்மாள், ‘இந்தப் பல் டாக்டர் வந்தாலே ஒங்களுக்கு என்னமோ பண்ணுது’ என்று சும்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்க்கிறார்.

திரையில் டாக்டர் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். படி படியாக இறங்குகிறான், வடக்கே எல்லாவற்றுக்கும் நிலவறை இருக்கிறது, மிஷின் இருக்கிறது, கையுறை இருக்கிறது, இவனுக்கு உதவிக்கு ஒருத்தி வேறு. ஆவுடையப்பனுக்கு என்ன இருந்தது, அரிசி மூட்டை போடுகிற உள்ளறையும் அதற்கு மேலே ஒரு பரணும். சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் முப்பத்தைந்து வருஷம் ஊரான் வீட்டு நிலத்துக்கு நான்கு எல்லை எழுதிய பத்திர எழுத்தர், வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே ஓடை, இதற்குள்பட்டது என்று எழுதி எழுதித் தன் எல்லை எதுவென்று தெரியாமல் போனவர், ஒருநாள் ஒரு உயில் எழுதினார். செத்தவனுக்கு உயில். பதிவு வேண்டாத வெள்ளைத்தாள் உயில், பழைய கணக்கு நோட்டில் எழுதாமல் கிடந்த பக்கத்தைக் கிழித்து, கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மையில், செத்துப்போன ஒரு எழுத்தரின் கையெழுத்தில், செத்துப்போன இரண்டு சாட்சிகளோடு. அவர் உயிலில் சொத்தை வாங்குகிறவனைத் தவிர ஒருத்தன் உயிரோடிருக்க மாட்டான், கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டுமானால் வக்கீல் சுடுகாட்டுக்குத்தான் சம்மன் அனுப்ப வேண்டும். எழுதிய தாளைப் பரணில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் போட்டுவைத்தால் முப்பது வருஷம் தானாக ஏறிவிடும், அடுப்புப் புகை வருஷத்துக்கு என்ன கூலியா கேட்கிறது. இப்படிப் பதினேழு. எதற்காக என்று அவரைக் கேட்டால், யாரும் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்லியிருப்பார். வீட்டுக்கு மாடி எழும்பவில்லை, உலகம்மாள் கழுத்தில் ஒன்றும் கூடவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் மாமனார் வீட்டில், மச்சினன் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன், கபடியில் கப் வாங்கிவந்து நடுக்கூடத்தில் வைத்திருந்தான், அதைச் சுற்றி நின்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், மாமனார் புது மருமகனைப் பார்த்து, “மாப்பிள்ளை தங்கம், வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முப்பத்திரண்டு வருஷமாக அந்த விரல் வாயில்தான் இருக்கிறது. நல்ல நாளில், சாவுத் துஷ்டியில், கோவில் கொடையில், ‘பாவம், அவருக்கு ஒண்ணுந் தெரியாது’ என்று அவர் முன்னாலேயே பேசுவார்கள், நாற்காலி முன்னால் பேசுகிற மாதிரி. அந்த நாற்காலிதான் பரணில் ஏறிச் செத்தவன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தது. ஒவ்வொரு உயிலும் முடிந்ததும், அப்படியா சங்கதி, ஒண்ணுந் தெரியாதா, என்று மைக்கூட்டை மூடுகிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான். அதைப் போய் யாரிடம் சொல்ல. நெஞ்சுக்குள் ஒரு கரப்பான் ஓடிற்று. பேச்சியம்மாள் முகம் வருகிறபோதெல்லாம் இப்படித்தான் ஓடும். ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவளைத்தான் கொழுந்தன் மகன் இவர் எழுதிய உயிலைக் காட்டி வரப்பு தாண்டி நிறுத்தினான். அவள் வேப்பமரத்தடிக்கே வந்து, இவர் மேஜைக்கு முன்னால்தான் குத்தவைத்து அழுதாள், இவர்தான் அவளுக்குப் புகார் மனு எழுதிக்கொடுத்தார், நல்ல மனு, படித்தவன் கண் கலங்கும். அப்போதுதான் அவள் சொன்னாள், உயிலில் போட்டிருக்கிற தேதியில் புருஷனுக்கு வலது கையில் மாவுக்கட்டு, மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் சோறே அவள்தான் ஊட்டினாள் என்று. இவர் பேனா ஒரு கணம் நின்றது. முப்பது வருஷத்துக்கு முந்தின மாவுக்கட்டு எவனுக்குத் தெரியும். அதையும் எழுதினார். எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் மனு நன்றாக வந்துகொண்டிருந்தது.

விளம்பரம் வந்தது, ஒரு பெண் சிரித்துக்கொண்டே சட்டைக் கறையைத் தோய்த்தாள். மகாராஜன் செல்போனை எடுத்து, இந்த மாவுக்கட்டு உயிலைப் பாருங்க அத்தான், நீங்க தொழில்காரர் என்று நீட்டினான். கண்ணாடிக்குள் வெளிச்சம் போட்டுக்கொண்டு அவருடைய உயில். எத்தனையோ அம்மாக்கள் தொலைந்த பிள்ளையைச் சந்தைக்கூட்டத்தில் பார்த்த கதை சொல்லியிருக்கிறார்கள், இவர் நம்பியதில்லை, இப்போது நம்பினார். என்ன அழகு. அந்த ‘ழ’வின் கொடி. செத்துப்போன எழுத்தர் எழுந்துவந்து பார்த்தால் தன் கையென்றே சத்தியம் பண்ணுவார். மகாராஜனும் அதைத்தான் சொன்னான், எழுதினவன் லேசுப்பட்ட ஆளில்லை, மாவுக்கட்டு மட்டும் இல்லையென்றால் சாமிகூடக் கண்டுபிடிக்காது என்றான். ஆவுடையப்பனுக்குக் காது மடல் சுட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் மைத்துனன் வாயால் முதல் நல்ல வார்த்தை. அப்புறம் அவன் சொன்னான், வியாழக்கிழமை குத்தாலிங்கத்தைத் தூக்கிவிட்டோம், ரெண்டு தட்டு தட்டினதும் ஒத்துக்கிட்டான். குத்தாலிங்கம். அவர் மேஜைக்கு அடுத்த மேஜை. காலையில் பத்து மணிக்கே வாய் நாறுகிற குத்தாலிங்கம், ‘கிரயம்’ எழுதினால் ‘ர’வுக்குக் கால் முளைத்துப் பக்கத்து வரியில் நடக்கும், மைக்கூட்டில் பீடி அணைக்கிறவன், அவன் எழுதினானாம், இதை. வியாழக்கிழமையிலிருந்து அந்த மேஜை காலியாகக் கிடக்கிறது, இவர்கூடக் காய்ச்சல் என்று நினைத்தார், இல்லை, நினைத்த மாதிரி இருந்துகொண்டார். ஒத்துக்கிட்டானா என்று கேட்டார். ஒத்துக்கிட்டது மட்டுமில்லை, பெருமையாகவும் சொல்லுகிறான் என்றான் மகாராஜன், எங்கப்பன் காலத்து மை, எங்கப்பன் காலத்துப் பேனா என்று அளக்கிறானாம், அடிக்குப் பயந்து தொடங்கியவன் இப்போது ருசி கண்டுகொண்டான், லாக்கப்பில் பக்கத்து ஆளெல்லாம் அவனை வாத்தியாரே என்று கூப்பிடுகிறான்களாம். இங்கேதான் ஆவுடையப்பனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், இரக்கமாவது வந்திருக்க வேண்டும், மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன் கம்பிக்குள் கிடக்கிறான். வந்தது வேறு. எரிச்சல். திருநெல்வேலி வெயிலில் எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்த மாதிரி எரிச்சல். ஒரு எழுத்து நேராக எழுதத் தெரியாதவன் வாத்தியாரா. “ஏன் மாப்ள, அவனுக்கு இந்த மாதிரி வருமா?” என்று வாய் கேட்டுவிட்டது, அவர் கேட்கவில்லை, வாய் கேட்டது. மகாராஜன் சிரித்தான். வேற யாரு எழுதுவா, நீங்களா? போன வருசம் ஒரு கிரயப் பத்திரத்துல தேதிய மாத்தி எழுதிட்டு நீங்க ஒரு வாரம் தூங்கலன்னு அக்கா சொன்னாளே, ஒங்களுக்கு இதெல்லாம் ஆகாது அத்தான் என்று தொடையில் ஒரு தட்டு தட்டினான். தொடை இதற்குள் அவன் பக்கம் வந்து சேர்ந்திருந்தது.

தொடர் மறுபடி தொடங்கியபோது மீசைக்காரனுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மாமா கிளினிக்கிலேயே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடக்கிறான். டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஈறைத் தைக்கிறான். நூல் முடிச்சு. இரண்டு சுற்று வலப்பக்கம், ஒரு சுற்று இடப்பக்கம், ஒரு இழுப்பு. மீசைக்காரன் தலைக்கு மேலிருக்கிற விளக்குக் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்புறம் அவனுக்கு ஞாபகம் வருகிறது, திரை கலங்கித் தெளிகிறது, பிடிபட்ட கள்ளநோட்டுக் கட்டுகள் எல்லாவற்றிலும் சணல் கயிறு, இரண்டு சுற்று வலப்பக்கம், ஒரு சுற்று இடப்பக்கம். உலகம்மாள் ‘அட பாவி’ என்று கன்னத்தில் கை வைத்தாள். மகாராஜன், எவ்வளவு மூளை இருந்தாலும் கை தன்னால ஒண்ணு பண்ணும் அத்தான், அங்கதான் நாங்க புடிப்போம் என்றான், மீசைக்காரன் வெற்றியில் அவனுக்கும் பங்குண்டு என்பதுபோல. கை தன்னால். ஆவுடையப்பன் தன் வலது கையைப் பார்த்தார், அது வேட்டி மேல் சாதுவாக மல்லாந்து கிடந்தது, செத்த நண்டு மாதிரி. இந்தக் கை தன்னால் என்ன பண்ணும். ஒன்றும் பண்ணாது. பதினேழு உயில், பதினேழு விதமான எழுத்து, ஒன்றில் சாய்வு, ஒன்றில் உருட்டு, ஒன்றில் கிழவன் நடுக்கம், மை வேறு, தாள் வேறு, ஒன்றுக்கொன்று ஒட்டு உறவு கிடையாது. ஒன்றும் கிடையாது. மேலே சுழி. சுழி எல்லாரும்தான் போடுவார்கள், தமிழன் எவன் சுழி போடாமல் எழுதினான், பிள்ளையார் சுழி பொதுச்சொத்து. அது சரி. ஆனால் அதை நீ யார் கையில் போட்டாய். யார் கையில் போட்டார். அவர் கையில். அவருடைய கையில்தான் போட்டார், பதினேழிலும், குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, கிழக்கே பார்த்து, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி, வளைவு தொடங்கும் இடத்தில் சுருளுக்குள்ளே ஒரு புள்ளி வைத்து, வாலைக் கொஞ்சம் மேலே தூக்கி, கீழே இரண்டு கோடு. சுழிக்குக் கீழே நடப்பது மனுஷன் சமாசாரம், அதில் யார் கையை வேண்டுமானாலும் எடுக்கலாம், சுழி பிள்ளையாருக்குப் போடுவது, அதைப் போய்க் கள்ளக்கையில் போட முடியுமா, கும்பிடு போட வேறொருத்தன் கையைக் கடன் வாங்க முடியுமா. அப்பா சொல்வார், சுழியில் குறை வைத்த கை விளங்காது என்று. விளங்கவேண்டும் என்றுதானே போட்டார். ஊரை ஏய்க்கலாம், பேச்சியம்மாளை ஏய்க்கலாம், மேலே உட்கார்ந்திருக்கிறவரை ஏய்க்கக் கூடாது என்று அவர் வைத்திருந்த அந்த ஒரே ஒரு ஒழுங்கு, பதினேழு தாளின் தலையிலும் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் வீடு முழுக்கச் சுழியாக முளைத்தது. இத்தனை நாள் அது எங்கே இருந்தது, இப்போது பார்க்கிற இடமெல்லாம். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சாமான் பட்டியல், து.பருப்பு ஒரு கிலோ, கடுகு, நல்லெண்ணெய், அதற்கு மேலே புள்ளி வைத்த சுழி. காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதிக்கு மேலே சுழி. டிவிக்குப் பக்கத்தில் தொலைபேசி நம்பர் எழுதிய அட்டை, மேலே சுழி. இதையாவது கிழித்துப் போடலாம். மகாராஜன் வீட்டு பீரோவில் அவன் கல்யாண நிச்சயப் பத்திரிகை, இவர் எழுதியது, மஞ்சள் தடவி, மடங்கக் கூடாது என்று கண்ணாடித்தாள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான், அதைக் கிழிக்க முடியுமா. அவன் மகளுக்குப் பேர் வைத்த அன்றைக்கு எழுதிய தாள். மாமனார் கருமாதிப் பட்டியல். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஆளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறாரே, வாக்குமூலம் மாதிரி, நல்லது கெட்டது ஒன்று விடாமல். அவன் ஒவ்வொரு வாரமும் அந்தப் பிரிட்ஜைத் திறந்துதான் தண்ணீர் எடுக்கிறான், மூக்குக்கு நேரே பட்டியல், எத்தனை வாரம், பார்த்தானா, பார்த்தும் பார்க்கவில்லையா, போலீஸ்காரன் கண்ணுக்குச் சொந்தக்காரன் வீட்டில் பார்வை குறைவு, மீசைக்காரனுக்கும் அப்படித்தானே இருந்தது, பல்வலி வருகிறவரைக்கும். எழுந்து போய்ப் பட்டியலை எடுத்துவிடலாம். எடுத்தால், ‘அத எதுக்கு எடுக்கிய, நல்லெண்ண தீர்ந்துபோச்சு’ என்று உலகம்மாள் கேட்பாள், அவள் கேட்டால் அவன் திரும்புவான். எடுக்காவிட்டால் அவனுக்குத் தண்ணீர் தவிக்கும், கறிச்சோறு தின்றவனுக்குத் தவிக்காமல் இருக்குமா. அவரே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வருகிற வழியில் கையில் பட்டியல் தட்டியது, காந்தம் நகர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. இந்த மனுஷன் என்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று உலகம்மாள் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கவில்லை. டிவியைத்தான் பார்த்தாள். அங்கே மீசைக்காரன் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தோடு, ஒரு வாய் சோற்றை மென்றுகொண்டே இருந்தான், முழுங்கவில்லை.

அடுத்த விளம்பரத்தில் மகாராஜன் விஷயத்துக்கு வந்தான். அவன் வந்தது கறிக்கு மட்டுமில்லை. கையெழுத்து நிபுணர் அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும், நாளைக்குக் காலையில் குத்தாலிங்கத்துக்கு ஜாமீன் மனு வருகிறது, அவனை வெளியே விட்டால் இதுவரைக்கும் எழுதினதையெல்லாம் எரித்துவிடுவான். பக்கத்து மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த மூத்த எழுத்தர், உரிமம் உள்ளவர், இது குத்தாலிங்கம் எழுத்துதான் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தள்ளுபடி ஆகிவிடும். அத்தானை அலையவிடக் கூடாது என்றுதான் வீட்டுக்கே வந்தேன் என்றான். “நாலு வரி போதும் அத்தான். ஒங்க கையால எழுதிடுங்க, டைப் பண்ணினா எவனோ பண்ணுனான்னுவான்.” உலகம்மாள் தானே போய் வெள்ளைத்தாளும் பேனாவும் அடியில் வைத்து எழுத ஒரு அட்டையும் கொண்டுவந்து மடியில் வைத்தாள், தம்பிக்கு உபகாரம் என்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. அப்புறம் காப்பி போட உள்ளே போனாள். தாள் மடியில் இருந்தது. நான்கு வரியில் தீர்ந்துவிடும், குத்தாலிங்கம் உள்ளே, மாவுக்கட்டு வழக்கு முடிந்தது, பதினேழும் அவன் பேரில், இவர் ராத்திரி தூங்கலாம். பேச்சியம்மாளுக்குக் கிணறு திரும்பக் கிடைக்கும், அதுவும் புண்ணியம்தானே, ஒரு பொய்யில் இத்தனை பேருக்கு நன்மை நடக்கிறபோது மூன்று பெண்பிள்ளைகளின் அப்பன் ஒருத்தன், அதுவும் குடிகாரன், அதுவும் தானாக ஒத்துக்கொண்டவன், வாத்தியார் பட்டம் வேறு கிடைத்திருக்கிறது அவனுக்கு. பேனா மூடியைத் திறந்தார். கை தன்னால் தாளின் தலைக்குப் போனது, நடுமத்தியில், சுழி போடுகிற இடத்துக்கு. அங்கே நின்றது. விரல் நுனியில் அந்த வளைவு முழுசாக இருந்தது, தும்மல் மாதிரி, போட்டுவிட்டால் நிம்மதி. போடக் கூடாது. இந்தத் தாளும் அந்த உயிலும் நாளைக்கு ஒரே கோப்புக் கட்டில், ஒரே நாடாவில், ஒரே நீதிபதி மேஜையில். அறுபத்தொரு வயதில், ஐந்து வயதில் அரிசியில் விரல் பிடித்து எழுதினதிலிருந்து முதல் தடவையாக, ஆவுடையப்பன் கையை வலுக்கட்டாயமாக இறக்கி, இடது பக்கம் கொண்டுபோய், ‘அனுப்புநர்’ என்று எழுதினார். தாளின் தலை மொட்டையாக இருந்தது. பொட்டு அழித்த நெற்றி மாதிரி. பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அங்கேயே கண் போயிற்று. ‘பெறுநர்’ எழுதினார். ‘பொருள்’ எழுதினார். குத்தாலிங்கம் என்று எழுதியபோது எழுத்து அத்தனை அழகாக விழுந்தது, அவன் பேரை அவன் ஆயுசில் இப்படி எழுதியிருக்க மாட்டான்.

உலகம்மாள் காப்பியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்ன, சுழி போடாமயா எழுதுதிய?”

அவர் கேட்காத மாதிரி எழுதினார். அவள் டம்ளரைத் தம்பியிடம் நீட்டிக்கொண்டே, பால்காரனுக்கு இன்னைக்குப் பால் வேண்டாம்னு எழுதி வைக்கதுக்கே சுழி போடுத மனுசன், கோர்ட்டுக்குப் போற தாளுக்குப் போடல பாரேன், வயசாவுது என்று சிரித்தாள். மகாராஜனும் சிரிக்கத் தொடங்கினான். தொடங்கிய சிரிப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டது. டம்ளரை வாங்காமல் மொட்டைத் தாளைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, கூடத்தைத் தாண்டி, பிரிட்ஜ் கதவைப் பார்த்தான், காந்தம் நகர்ந்ததில் பட்டியல் கோணலாகத் தொங்கியது. ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அமர்த்தினான். செல்போனை எடுத்தான். இரண்டு விரலால் உயிலின் தலையை விரித்தான், இன்னும் விரித்தான். அவன் மூச்சு ஆவுடையப்பனின் வலது கையில் பட்டது. அவ்வளவு பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தார்.

“போடுங்க அத்தான்” என்றான், மெதுவாக. “போட்டுட்டே எழுதுங்க.”

போடலாம். வேறு மாதிரி போடலாமே. அதுதான் வேடிக்கை. பதினேழு செத்தவன் கையை எடுத்த கைக்கு ஒரு சுழியை மாற்றிப் போடத் தெரியாதா, புள்ளியை விட்டுவிட்டால் போதும், வாலைக் கீழே இறக்கினால் போதும், ஊரில் முக்கால்வாசிப் பேர் போடுகிற சாதாச் சுழி. ஒரு புள்ளி. ஒரு புள்ளியை விட்டால் குத்தாலிங்கம் உள்ளே, இவர் வெளியே, வீடு வீடாக, ஞாயிறு ஞாயிறாக இருக்கும், பல் டாக்டர் போனால் வேறு ஏதாவது தொடர் வரும். வளைவைத் தொடங்கினார். அப்பா விரல் மேலே விரல் வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. விட்டால் கை விளங்காது என்ற பயமா, அது பாதி. மீதி வேறு. நாளைக்கு அந்த உயிலைப் பார்க்கிறவனெல்லாம் குத்தாலிங்கம், குத்தாலிங்கம் என்று சொல்லப்போகிறான், மைக்கூட்டில் பீடி அணைக்கிறவனின் பேரை. சாமிகூடக் கண்டுபிடிக்காது என்று இந்த வாய்தானே சொன்னது. அதை யாரைச் சொன்னாய் என்று இவனுக்குத் தெரியவே வேண்டாமா, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவனை என்று தெரியவே வேண்டாமா. புள்ளி விழுந்தது. வால் தூக்கிக்கொண்டது. கீழே இரண்டு கோடு.

மகாராஜன் செல்போனைத் தாளுக்குப் பக்கத்தில், அட்டையின் மேலேயே வைத்தான். இரண்டு சுழியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன. டிவியில் மீசைக்காரன் மாமாவைப் பார்த்து என்னமோ கேட்டுக்கொண்டிருந்தான், வாய் மட்டும் அசைந்தது. உலகம்மாள் இரண்டு டம்ளரோடும் நின்றாள், என்னல தம்பி என்றாள்.

“குத்தாலிங்கத்துக்கு இந்த வளைவு வராது, மாப்ள” என்றார் ஆவுடையப்பன்.

“மாப்ளன்னு கூப்பிடாதீங்க.”

அவன் எழுந்தான். பெல்டை ஒரு ஓட்டை இறுக்கினான், இன்னொன்றும் இறுக்கினான். அவன் கனம் போனதும் சோபா கிறீச்சென்று நிமிர்ந்தது. பதினோரு வாரமாக வலப்பக்கமே வழுக்கிக்கொண்டிருந்தவர், தாளும் அட்டையுமாக, இடது ஓரத்துக் குழியில் தன்னால் திரும்பிப் போய் விழுந்தார்.